மைக்கொம்புச் சொற்கள்



நம்மில் மூத்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். கடைவீதியின் ஐந்தடி நடைபாதையிலே ஒரு சிறு மேசை. மேசைமேல் ஒரு பழைய தட்டச்சுப் பொறி. அதன் பின்னே மூக்குக்கண்ணாடி அணிந்த ஒருவர். அவரை 'மனு எழுதுபவர்' என்பார்கள். ஆங்கிலம் அறியாத மக்களுக்கு அரசாங்க அலுவலகத்தின் கதவைத் திறந்துவிடுகிற திறவுகோல் அவர் கையில்தான் இருந்தது.

என் சிறு வயதில், நாங்கள் குடியிருந்த தொழிலாளர் வரிசைவீட்டின் கூரை ஒழுகியது. என் தந்தையார் ஒரு நாள் கூலியைக் கொடுத்து மனு எழுதி வாங்கினார். இரண்டு பக்கம். கனமான ஆங்கிலச் சொற்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. அலுவலகத்தில் இருந்த அதிகாரி இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு நிமிர்ந்து, "உனக்கு என்னதான் வேண்டும்?" என்று மலாய் மொழியில் கேட்டாராம். தந்தையார் சொன்னது மூன்றே சொற்கள்: "அத்தாப் போச்சோர், துவான்." கூரை ஒழுகுகிறது ஐயா, அவ்வளவுதான் செய்தி.

ஆனால் நேயர்களே, அந்த மனுவின் படியைத் தந்தையார் தூக்கி எறியவில்லை. டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். வீட்டுக்கு வருபவர்களிடம் எடுத்துக் காட்டி, "என்ன இங்கிலீசு பார்த்தீர்களா!" என்று பெருமைப்படுவார். அவருக்கு அதில் ஒரு சொல்லும் தெரியாது. தெரியாததனால்தான் பெருமையோ என்று பிற்காலத்தில் எனக்குத் தோன்றியதுண்டு.

புரியாத சொல்லுக்கு இப்படி ஒரு மதிப்பு எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்தைக் கண்டு நம்மவர் மிரண்டதுபோல, ஆங்கிலேயரே தங்கள் மொழியில் புகுந்த சொற்களைக் கண்டு மிரண்ட காலம் ஒன்று இருந்தது. இன்றைய உரையில் அந்தக் காலத்துக்குப் போய் வருவோம். அதாவது, ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய இங்கிலாந்துக்கு.

1476ஆம் ஆண்டில் வில்லியம் காக்ஸ்டன் என்பவர் இலண்டன் அருகே வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் நிறுவினார். இங்கிலாந்தின் முதல் அச்சுக்கூடம் அது. 1490இல் வெளியிட்ட ஒரு நூலின் முன்னுரையிலே அவர் தம் தொல்லையைச் சொல்லுகிறார். நூலில் கடினமான சொற்களை மிகுதியாகப் போட்டால், பொதுமக்களுக்கு விளங்கவில்லை என்று சில பெரிய மனிதர்கள் குறை கூறுகிறார்களாம். எளிமையாக எழுதினாலோ, படித்த சிலர் வந்து, கிடைக்கக்கூடிய அரிய சொற்களையெல்லாம் கொண்டு எழுதும்படி கேட்கிறார்களாம். அதே முன்னுரையில் ஒரு முட்டைக் கதையும் உண்டு. தேம்ஸ் ஆற்றில் காற்றில்லாமல் கப்பல் நின்றுபோக, வணிகர் ஒருவர் கரையேறி ஒரு வீட்டில் முட்டை கேட்டார். 'எக்ஸ்' என்று கேட்டார். வீட்டுக்கார அம்மாள், எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்றாள். வணிகருக்குக் கோபம், அவருக்கும் பிரெஞ்சு தெரியாதே! பின்னர் இன்னொருவர் 'ஐரன்' என்று சொன்ன பிறகே அவளுக்கு விளங்கியது. முட்டைக்கே இந்தப் பாடு என்றால் தத்துவத்துக்கும் மருத்துவத்துக்கும் என்ன ஆகும்?

அன்றைய இங்கிலாந்தில் அறிவுக்கு மொழி இலத்தீன். கோயில் வழிபாடு, பல்கலைக்கழகம், சட்டம், மருத்துவம் எல்லாம் அதில். 1066இல் நார்மானியர் படையெடுத்து வென்ற பின்னர், அரண்மனைக்கும் நீதிமன்றத்துக்கும் பிரெஞ்சு மொழி பல தலைமுறைகள் உரியதாக இருந்தது. உழவனுக்கும் கொல்லனுக்கும் ஆங்கிலம். பதினாறாம் நூற்றாண்டில் இந்த ஆங்கிலத்திலேயே கல்வி நூல்களை எழுத முற்பட்டார்கள். எழுத உட்கார்ந்தால் சொல் இல்லை. ஆகவே இலத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் அள்ளி எடுத்தார்கள். 1531இல் தாமஸ் எலியட் என்னும் அறிஞர், ஆட்சிப் பொறுப்புக்கு வருகிறவர்களுக்காக ஒரு நூல் எழுதினார். 'மெச்சூரிட்டி' என்ற சொல்லை அதில் கையாளும்போது, இது புதியது, வேறு வழியில்லாமல் இலத்தீனிலிருந்து எடுக்கிறேன் என்று சொல்லி, பொருளையும் விளக்குகிறார். முதிர்ச்சி என்பதே அதன் பொருள். நேர்மையான முறை இது. கடன் வாங்கினார், வாங்கியதைச் சொன்னார், வாங்கிய பொருளைப் பிரித்தும் காட்டினார்.

எல்லாரும் எலியட் அல்லவே. தேவை கதவைத் திறந்துவிட்டது. அதன் வழியே பகட்டும் உள்ளே நுழைந்தது. பல்கலைக்கழகத்தில் நாலு நாள் இருந்து வந்தவன், ஊரார் முன்னே வாயைத் திறந்தால் இலத்தீன் வாலொட்டிய சொற்களையே உதிர்த்தான். அந்தச் சொற்களுக்கு மக்கள் ஒரு கேலிப் பெயர் வைத்தார்கள். அக்காலத்தில் மாட்டுக் கொம்பைக் குடைந்து அதில் எழுதும் மையை ஊற்றி வைப்பது வழக்கம். ஆங்கிலத்தில் 'இங்க்ஹார்ன்' என்பார்கள். அந்த மைக்கொம்பைப் பெயராக வைத்துப் பகட்டுச் சொற்களை 'மைக்கொம்புச் சொற்கள்' என்றார்கள். நாவிலே பிறந்த சொல் அல்ல, மைக்குள்ளே பிறந்த சொல் என்பது குத்தல்.

இந்தக் கேலியை நூலில் ஏற்றிப் புகழ் பெற்றவர் தாமஸ் வில்சன். 1553இல் சொற்கலை பற்றி அவர் எழுதிய நூலில், மைக்கொம்புச் சொற்களால் ஆன ஒரு கடிதத்தை முழுமையாக எடுத்துக்காட்டுகிறார். லிங்கன்ஷையரைச் சேர்ந்த ஒருவன், தன் ஊரில் காலியாக இருக்கும் ஒரு கோயில் பதவியைத் தனக்கு வாங்கித் தரவேண்டுமென்று ஒரு பெரிய மனிதருக்கு எழுதிய கடிதமாம் அது. வில்சனும் அதே லிங்கன்ஷையர்க்காரரே! கடிதத்தை அவரே புனைந்தார் என்பது ஆய்வாளர் கருத்து. எப்படியாயினும், அதுவும் ஒரு வேலை கேட்கும் மனுதான், நேயர்களே. ஐந்தடி நடைபாதைத் தொழிலுக்கு முன்னோடி என்று சொல்லலாம்.

அந்தக் கடிதத்தில் 'ஒப்டெஸ்டேட்', 'இம்பெட்ரேட்', 'ஃபட்டிகேட்', 'கொல்லாட்' என்றெல்லாம் சொற்கள் வருகின்றன. கெஞ்சிக் கேட்கிறேன், பெற்றுத் தாருங்கள், களைப்படையச் செய்தல், பாராட்டிச் சொல்லுதல் என்பவை அவற்றின் பொருள்கள். இன்றைய ஆங்கிலேயரிடம் இவற்றைச் சொன்னால் விழிப்பார். இவை மறைந்து போயின. ஆனால் அதே கடிதத்தில், அதே கேலியோடு, வேறு சில சொற்களும் வருகின்றன: 'செலிப்ரேட்', 'கெப்பாசிட்டி', 'டெக்ஸ்டெரிட்டி', 'கான்டெம்ப்ளேட்'. இவற்றுள் சில அப்போதே ஓரளவு புழங்கத் தொடங்கியிருந்தன. எனினும் சிரிப்புக்கு உரியவையாகத்தான் வில்சன் அவற்றைச் சேர்த்தார். இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் 'பர்த்டே செலிப்ரேட் பண்ணுகிறோம்' என்று தமிழுக்குள்ளே அந்தச் சொல்லை இழுத்து வந்துவிட்டார்கள்! எது நிற்கும், எது போகும் என்பதை வில்சன் போன்ற கூர்மதியாளராலும் கணிக்க முடியவில்லை.

இந்தக் கடிதம் ஒருபுறமிருக்க, அதே பகுதியில் வில்சன் சொல்லும் மற்றொரு செய்திதான் என் நெஞ்சில் தைக்கிறது. அந்நியச் சொற்களைத் தேடித் தேடி இவர்கள் தாய்மொழியையே மறந்துவிட்டார்கள். இவர்களைப் பெற்ற தாய்மார் இன்று உயிரோடு வந்தால், மகன் பேசுவது என்னவென்று அவர்களுக்கு விளங்காது என்கிறார் அவர். இதைக் கேலி என்று மட்டும் கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அக்காலத்தில் இலத்தீன் கற்பித்த இலக்கணப் பள்ளிகளிலே சிறுவர்களைத்தான் சேர்த்தார்கள். அரச குடும்பத்திலும் மிகப் பெரிய வீடுகளிலும் பிறந்த சில பெண்கள் ஆசிரியரை வைத்துப் படித்தார்கள். மற்றப் பெண்களுக்கு வழியில்லை. ஆகவே மைக்கொம்புச் சொல் ஒவ்வொன்றும் வீட்டுக்குள்ளே எழும்பிய ஒரு சுவர். மகன் ஒரு பக்கம், தாய் மறுபக்கம்.

சுவரை இடிக்க முயன்றவர்களும் இருந்தார்கள். சர் ஜான் சீக் என்பவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கிரேக்கப் பேராசிரியர். இளவரசராயிருந்த ஆறாம் எட்வர்டுக்கு ஆசிரியர். கிரேக்கத்திலும் இலத்தீனிலும் கரை கண்டவர். ஆனாலும், கலப்பற்ற ஆங்கிலமே எழுதவேண்டுமென்று வாதாடியவர் அவரே. 1557இல் தம் நண்பர் தாமஸ் ஹோபிக்கு எழுதிய கடிதத்தில், கடன் வாங்கிக்கொண்டே இருந்து திருப்பித் தராத வீடு திவாலாவதுபோல மொழியும் திவாலாகும் என்ற கருத்தைச் சொல்லுகிறார். விவிலியத்தின் மத்தேயு நூலை மொழிபெயர்க்கும்போது அவர் இதைச் செயலிலும் காட்டினார். நூறு வீரர்களுக்குத் தலைவனாகிய உரோமானிய அதிகாரியை இலத்தீன் சொல்லால் 'சென்ட்யூரியன்' என்னாமல், 'ஹண்ட்ரடர்' என்றார். 'ரெசரெக்ஷன்' என்னாமல் 'கெய்ன்ரைசிங்', அதாவது மீண்டெழுதல், என்றார்.

ஆங்கிலேயரின் காதுக்கு இவை இன்று விநோதமாக ஒலிக்கின்றன. அந்த மொழிபெயர்ப்பு அச்சேறுவதற்கே 1843வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆனால் தமிழ் விவிலியம் படிக்கிறவர்களுக்கு 'உயிர்த்தெழுதல்' என்பதும், 'நூற்றுவர் தலைவர்' என்பதும் சிறிதும் விநோதமாகப் படுவதில்லை. சீக் செய்ய நினைத்ததைத் தமிழ் எளிதாகவே செய்துவிட்டது. சொல்லின் இனிமையும் இன்னாமையும் பெரும்பாலும் பழக்கத்தில்தான் இருக்கின்றன போலும்.

தமிழிலும் இத்தகைய போராட்டம் நடந்ததை நேயர்கள் அறிவீர்கள். 1916இல் மறைமலை அடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கி, வேதாசலம் என்ற தம் பெயரையும் மாற்றிக்கொண்டார். அவருக்கு முன்னரே பரிதிமாற் கலைஞர் தம் வடமொழிப் பெயரைத் தமிழாக்கிக்கொண்டவர். அவர்களுக்கும் சீக்குக்கும் இடையே ஒரு வேறுபாட்டைச் சொல்லவேண்டும். தமிழுக்குப் பின்னால் ஈராயிரம் ஆண்டு இலக்கியம் இருந்தது. கேட்டதை எடுத்துக் கொடுக்கச் சொற்களஞ்சியம் நிறைந்திருந்தது. சீக்கின் ஆங்கிலத்துக்கு அந்த இருப்பு இல்லை. கலப்பில்லாத மொழி வேண்டுமென்று அவர் எழுதிய அந்தக் கடிதத்திலேயே, தூய்மையைக் குறிக்க 'பியூர்' என்கிறார். திவாலுக்கு 'பேங்க்ரப்ட்' என்கிறார். முன்னது பிரெஞ்சு வழி வந்தது. பின்னது இத்தாலிய மூலம் உடையது! பாவம், கடனைப் பழிப்பதற்கும் கடன் வாங்கவேண்டியிருந்தது.

சீக்கைவிட எனக்கு நெருக்கமானவர் இராபர்ட் ரெக்கார்ட். அவர் மருத்துவர், கணித ஆசிரியர். 1557இல் சமக்குறியாகிய இரட்டைக் கோட்டை உலகுக்குக் கொடுத்தவர் அவர்தான். 1551இல் அவர் வடிவ கணிதத்தை ஆங்கிலத்தில் எழுதினார். யாருக்காக? இலத்தீன் படிக்காத தச்சருக்கும் நில அளவையாளருக்கும் மாலுமிக்கும் பயன்படவேண்டுமென்று. ஆகவே கூரிய கோணத்தைக் 'கூர்மூலை' என்றும், விரிந்ததை 'மழுங்கிய மூலை' என்றும், வட்டத்தைத் தொட்டுச் செல்லும் கோட்டைத் 'தொடும் கோடு' என்றும் ஆங்கிலத்திலேயே பெயரிட்டார். ஆங்கிலேயர் அவற்றை ஏற்கவில்லை. 'டேஞ்சென்ட்' என்ற இலத்தீன் சொல்லே நிலைத்தது. ஆனால் தமிழ்ப்பள்ளியில் என் ஆசிரியர் கரும்பலகையில் வட்டம் வரைந்து, 'இது தொடுகோடு' என்றபோது, எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை. பெயரே பாடமாக இருந்தது. ரெக்கார்டின் கனவு அவர் நாட்டில் பலிக்காமல், அவர் கேள்விப்பட்டும் இராத மொழியிலே பலித்திருக்கிறது. அவரோ கடன் தீர்க்க இயலாமல் சிறை சென்று 1558இல் அங்கேயே மறைந்தார்.

நூற்றாண்டின் இறுதியில் இந்தச் சண்டை நாடக மேடைக்கு வந்து சேர்ந்தது. மேடைக்கு வந்த பின்பு கேட்கவேண்டுமா? 1598இல் அச்சான ஷேக்ஸ்பியரின் 'லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்' நாடகத்தில் ஹோலோஃபெர்னஸ் என்றொரு பள்ளி ஆசிரியர் வருகிறார். ஒரு பொருளைச் சொல்ல ஐந்து சொல் போடுவார். அவரோடு கூடவே டல் என்ற காவலரும் இருக்கிறார். 'மந்தம்' என்பதே அப்பெயரின் பொருள். நீண்ட உரையாடலின் முடிவில் ஆசிரியர் அவரைப் பார்த்து, நீர் ஒன்றுமே பேசவில்லையே என்கிறார். பேசவில்லை என்பது மட்டுமல்ல, ஒன்றும் விளங்கவுமில்லை என்கிறார் காவலர். அரங்கம் எந்தப் பக்கம் நின்று சிரித்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பென் ஜான்சன் இன்னும் ஒரு படி மேலே போனார். 1601இல் வந்த 'பொயட்டாஸ்டர்' நாடகத்தில், சொற்பகட்டு நோய் கண்ட ஒரு கவிஞனுக்கு மாத்திரை கொடுக்கிறார்கள். அவன் மேடையிலேயே, ஒரு பாத்திரத்தில், தான் விழுங்கிய கடுஞ்சொற்களை ஒவ்வொன்றாக வாந்தி எடுக்கிறான்! தம்முடன் பகை கொண்டிருந்த ஜான் மார்ஸ்டன் என்ற கவிஞரைத்தான் ஜான்சன் இவ்வாறு இழிவுபடுத்தினார். 'ஒப்ஸ்ட்யூப்பஃபேக்ட்' என்று ஒரு சொல் வந்து விழுகிறது, அது செத்தது. ஆனால் 'ஸ்ட்ரெனுவஸ்' விழுகிறது, 'கான்ஷியஸ்' விழுகிறது, 'கிளம்சி'யும் விழுகிறது. இவை மூன்றும் இன்று பள்ளிப் பிள்ளைகளின் சொற்கள். மனித உணர்வு நிலையைப் பற்றிப் பேசும் அறிவியலாளர் ஒவ்வொருவரும், அந்தப் பாத்திரத்திலிருந்து கழுவி எடுத்த 'கான்ஷியஸ்' இல்லாமல் ஒரு வாக்கியம் எழுத முடியாது.

இனி, சுவருக்கு மறுபக்கம் நின்ற தாய்மாரிடம் வருவோம். அவர்களை யாராவது நினைத்தார்களா? ஒருவர் நினைத்தார். அவர் இராபர்ட் காட்ரி. சிற்றூரில் பள்ளி ஆசிரியராயும் சமய குருவாயும் இருந்தவர். சமயக் கொள்கையில் மேலிடத்தோடு முரண்பட்டுப் பதவியை இழந்தவர். 1604இல் அவர் ஒரு சிறு நூலை வெளியிட்டார். ஏறத்தாழ 2,500 கடினச் சொற்களை அகர வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஓரிரு எளிய சொற்களில் பொருள் கொடுத்தார். சீமாட்டிகளுக்கும் மற்றப் பெண்களுக்கும் கல்வித் தேர்ச்சி இல்லாத பிறருக்கும் பயன்படவேண்டும் என்று நூலின் தலைப்புப் பக்கத்திலேயே அறிவித்தார். ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறும் முதல் அகராதி என்று இந்நூலைத்தான் வழக்கமாகச் சொல்லுகிறார்கள்.

அதன் முன்னுரையில் காட்ரி, தாய்மாருக்கு விளங்காத பேச்சைப் பற்றி வில்சன் எழுதிய பகுதியை அப்படியே எடுத்துச் சேர்த்திருக்கிறார். வில்சன் சிரிக்க வைத்தார். காட்ரி, சிரித்து என்ன பயன், அந்த அம்மாளுக்குப் பொருளைச் சொல்லிவிடுவோமே என்று உட்கார்ந்து எழுதினார். இன்னொரு செய்தியையும் சொல்லவேண்டும். அகர வரிசையில் சொல்லைத் தேடுவது எப்படி என்பதையும் அவர் பொறுமையாகக் கற்றுக் கொடுக்கிறார். 'ஏ'யில் தொடங்கும் சொல்லை நூலின் தொடக்கத்திலும், 'வி'யில் தொடங்கும் சொல்லை இறுதிப் பக்கமாகவும் பார்க்கவேண்டும் என்கிறார். அன்றைய மக்களுக்கு அதுவே புதிய பழக்கம். நம்மிடமும் பழைய நிகண்டுகள் செய்யுளில் அமைந்து, மனப்பாடம் செய்வோருக்கு உரியவையாகவே இருந்தன. 1732இல் வீரமாமுனிவரின் சதுரகராதி வந்தபோதுதான், எழுத்து வரிசையில் புரட்டித் தேடும் முறை தமிழில் நன்கு வேரூன்றத் தொடங்கியது.

காட்ரியின் முதற்பதிப்பில் இன்று எஞ்சியிருப்பது ஒரே ஒரு படி. ஆக்ஸ்ஃபோர்டில் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. மற்றவை தேயத் தேயப் புரட்டப்பட்டு அழிந்திருக்கவேண்டும் என்று எண்ணிக்கொள்வதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

ஆனால் கதை இங்கே நிற்கவில்லை. காட்ரிக்குப் பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1623இல், ஹென்றி காக்கரம் என்பவர் ஓர் அகராதி வெளியிட்டார். அதன் முதற்பகுதியில் கடினச் சொற்களுக்கு எளிய பொருள் உண்டு. இரண்டாம் பகுதியைத் திறந்தால் வியப்பு! அங்கே எளிய சொல்லைக் கொடுத்து, அதற்கு ஈடான பகட்டுச் சொல்லைப் பக்கத்தில் வைத்திருக்கிறார். நாளும் வழங்கும் சொல்லைச் சொல்ல வெட்கப்படுகிறவர், அதைத் தேடிப் பிடித்து, அருகில் உள்ள அலங்காரச் சொல்லை எடுத்துப் பேச்சில் செருகிக்கொள்ளலாம். சுவரைத் தாண்டுவதற்காகக் காட்ரி செய்த ஏணியையே சுவரை உயர்த்தும் சாரமாக ஆக்கிவிட்டார் காக்கரம். நூல் நன்றாக விற்பனையாயிற்று. பல பதிப்புகள் கண்டது. வாங்கியவர்களைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. சுவருக்கு வெளியே நின்று நின்று கால் கடுத்தவர்கள், உள்ளே இருப்பவரைப்போல ஒரு நாளாவது பேசிப் பார்க்க ஆசைப்பட்டிருக்கலாம்.

எங்களுக்கு மனு எழுதித் தந்த பெரியவரின் மேசைமேலும், தட்டச்சுப் பொறிக்கு அருகில், அட்டை கிழிந்த தடித்த அகராதி ஒன்று இருந்தது. என் தந்தையார் தமிழில் சொல்லச் சொல்ல, அவர் அதைப் புரட்டிக்கொண்டே இருந்தார். 'ஒழுகுகிறது' என்பதற்கு அவர் அதிலிருந்து எந்தச் சொல்லைப் பொறுக்கி எடுத்தார் என்று டிரங்குப் பெட்டியிலிருந்த படியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என நான் வளர்ந்த பிறகு ஒரு நாள் தேடினேன். அடுத்தடுத்த மழைகளில் பெட்டிக்குள் நீர் இறங்கி, தாள் ஒட்டிக்கொண்டு, எழுத்து முழுவதும் கரைந்து போயிருந்தது.